ஆடாத பதினெட்டு நிமிடம்

அத்தியாயம் 6

தலைநகர் ஹோனியாராவிலிருந்து வந்த படகு மலைத்தாத் தீவின் அவுக்கித் துறையில் இடித்து நின்றபோது, ஜொனாஸ் வாகாவின் வயிற்றில் காலையில் தின்ற ரிங் கேக் பாதிதான் மிச்சமிருந்தது. மீதிப் பாதியைக் கடல் வாங்கிக்கொண்டிருந்தது.

"மலைத்தாக்காரன்னு பீத்திக்கிற. படகுல ஏறினா பச்சையாயிடற" என்றாள் மேவிஸ் கீரோ.

"எனக்குக் கடலை நல்லா ஞாபகம் இருக்கு அக்கா. கடலுக்குத்தான் என்னை அடையாளம் தெரியல."

மேவிஸ் சிரிக்கவில்லை. ஹோனியாரா போலீஸில் இருபத்திரண்டு வருஷம் இருந்து, சார்ஜென்ட்டாக வெளியே வந்து, டயர் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். சிரிப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று எடுத்து வைத்திருந்தாள். ஜொனாஸ் அவளுக்கு டிரைவர், குமாஸ்தா, வாய் எல்லாம். அவள் பேசாத பேச்சையும் சேர்த்து அவன்தான் பேசியாக வேண்டும்.

"மணி?" என்றாள்.

"ஒண்ணு."

"அஞ்சுக்கு ஜன்னல் மூடிடும். நட."

ஜன்னல் என்றால் ஆஸ்திரேலியாவின் ஆட்டக்காரர் பதிவு ஜன்னல், கிளப்புகள் புது ஆளைச் சேர்ப்பதற்கான கெடு. அதற்குள் நுழையப் பார்த்தவன் கிளெமன்ட் ராமோ. ரனாடி ரோவர்ஸ் கிளப்பின் இடது ஓரத்து ஆட்டக்காரன், வயது இருபத்தேழு. வாரெகோ சிட்டி என்ற ஆஸ்திரேலியக் கிளப் அவனை ஒரு சீசனுக்கு இரவலாகக் கேட்டிருந்தது. அதாவது, ஆள் ரனாடிக்குச் சொந்தமாகவே இருப்பான், ஓடுவது மட்டும் வாரெகோவுக்காக. பிடித்துப்போனால் சீசன் முடிவில் மொத்தமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. இருபத்தேழு வயதுத் தீவுக்காரனுக்கு அந்த வரி வாழ்நாளில் ஒரு தடவை வரும். கிளெமன்டுக்கு வந்துவிட்டது, வந்த வேகத்தில் தொண்டையில் சிக்கியும் விட்டது.

உலகக் கால்பந்தின் சட்டம் என்னவென்றால், ஒரு சீசனில் ஒருவனின் பெயர் மூன்று கிளப்பில் இருக்கலாம், ஆனால் கால் இரண்டு கிளப்புக்காகத்தான் ஆடலாம். கிளெமன்டின் கால் ரனாடிக்கு ஆடியிருந்தது. பெயர் மட்டும் நடுவில் ஆறு வாரம் அவுக்கி வேவ்ஸ் என்ற கிளப்புக்கு இரவல் போயிருந்தது. "காகிதம் போச்சு, நான் போகலை" என்று அவன் சொல்லியிருந்தான். ஆனால் அவுக்கியின் ஓர் ஆட்டச் சீட்டில், பதினான்காம் எண், கிளெமன்ட் ராமோ, எழுபத்திரண்டாவது நிமிடத்தில் மாற்று ஆளாக உள்ளே வந்தார் என்று இருந்தது. தொண்ணூறில் எழுபத்திரண்டு போனால் பதினெட்டு நிமிடம். அந்தப் பதினெட்டு நிமிடம் உண்மையென்றால் அவுக்கி இரண்டாவது கிளப், வாரெகோ மூன்றாவது. அவ்வளவுதான், கதை முடிந்தது.

கிளெமன்ட் தன் பக்கத்துக்கு வைத்த வாதம் ஒன்றுதான். அந்த ஆட்டம் நடந்தது சனிக்கிழமை.

அவன் அட்வென்டிஸ்ட் சபைக்காரன், போதகர் மகன். வெள்ளி சூரியன் இறங்கினதிலிருந்து சனி சூரியன் இறங்கும்வரை பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். ஹோனியாராவில் பந்து உருண்டையா சதுரமா என்று தெரியாதவர்களுக்குக்கூட இது தெரியும். சனிக்கிழமை ஆட்டங்களுக்கு ரனாடி அவனை விட்டுவிட்டுத்தான் அணியே எழுதும். ஆனால் வாரெகோவின் பதிவு அதிகாரி, "நம்பிக்கையை மதிக்கிறோம், ஆனால் அது ஆதாரமாகாது. ஆடியது வேறு யாரென்றால் அவர் யார் என்று நம்பகமான ஒருவர் விசாரித்துச் சொல்லட்டும்" என்று எழுதிவிட்டார்.

நேற்று சாயங்காலம் டயர் கடை மாடியில் கிளெமன்ட் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து, "என் பேரைப் போட்டுக்கிட்டு எவனோ ஆடியிருக்கான். கண்டுபிடிச்சுக் குடுங்க அக்கா" என்று கேட்டபோது, ஜொனாஸ் அங்கேயே நம்பிவிட்டான். ஏழு வருஷமாக அந்த இடது காலைக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன் அவன். ஊரில் ஒருத்தனாவது மேலே போகட்டும் என்று அவனுக்கு ஆசை, அதை மறைக்கவும் தெரியாது.

அவுக்கி வேவ்ஸ் மேலாளர் பார்னபஸ் சௌ துறைக்கு எதிரே ஆணியும் தகரமும் விற்கும் கடை வைத்திருந்தார். இவர்களைக் கண்டதும் இரண்டு நாற்காலி வந்தது. கேட்பதற்கு முன்பே இரண்டு இளநீரும் வந்தது.

"உள்ளதைச் சொல்லிடறேன் சார்ஜென்ட் அம்மா" என்றார் பார்னபஸ். "அன்னைக்கு ஆடினது கிளெமன்ட் இல்லை. எங்களுக்கு ஆள் பத்தலை. சீட்டுல அந்தப் பையன் பேரு சும்மா கிடந்துச்சு. நம்ம ஹென்ட்ரியை அந்தப் பேர்ல இறக்கிவிட்டோம். தப்புதான்."

"கிளெமன்டைத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள் மேவிஸ்.

"ஆளைப் பார்த்ததுகூட இல்லை. பேப்பர்ல படம் பார்த்ததுதான்."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதம் வந்தது. ஹென்ட்ரி என்பவர் தாமே கிளெமன்ட் பெயரில் ஆடியதாக ஒப்புக்கொள்ளும் கடிதம். அழகாகத் தட்டச்சு செய்து, கையெழுத்துக்குக் கோடுகூடப் போட்டு வைத்திருந்தார்கள்.

வெளியே வந்ததும் ஜொனாஸ் ஒரு பாக்கைக் கடித்தான். "பார்த்தீங்களா அக்கா. கதவைத் தட்டவே இல்லை, திறந்துட்டாரு."

"அதுதான் எனக்குப் பிடிக்கலை."

"உங்களுக்கு எதுதான் பிடிச்சிருக்கு? உண்மை லேட்டா வந்தாலும் திட்டறீங்க, சீக்கிரம் வந்தாலும் திட்டறீங்க."

"தேதியைப் படி."

ஜொனாஸ் படித்தான். புதன்கிழமை. கிளெமன்ட் அவர்களைத் தேடி வந்ததே வியாழன் சாயங்காலம்தான். அவன் வாயிலிருந்த பாக்கு திடீரென்று வெறும் மட்டையாக ருசித்தது.

"கை தவறித் தட்டியிருப்பாரு" என்றான்.

"இருக்கலாம்" என்றாள் மேவிஸ். இருக்கலாம் என்று அவள் சொன்னால் இல்லை என்று அர்த்தம்.

ஹென்ட்ரி சந்தையில் பாக்குக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். நாற்பதைத் தாண்டியவன். பல், உதடு, சட்டைக் காலர் எல்லாம் சிவப்பு. கடிதத்தைப் படிக்கவே இல்லை, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

"இதுக்கு உன்னை ஆடவிடாம தடை போடுவாங்க, தெரியுமா?" என்றான் ஜொனாஸ்.

"எத்தனை மாசம்?"

"ஒரு வருஷம்கூட ஆகலாம்."

"போடட்டும் வான்டாக். என் முட்டி ரெண்டு வருஷமாத் தடை போட்டிருக்கு, அதையே நான் மதிக்கறேன்." ஹென்ட்ரி ஒரு பாக்கை எடுத்து அவன் கையில் திணித்தான். "ஒரு பையன் ஆஸ்திரேலியா போறான்னா நான் உக்காந்து பாக்கு வித்துட்டுப் போறேன். எப்படியும் அதைத்தானே செய்யறேன்."

வான்டாக் என்றால் ஒரே பேச்சுக்காரன். அப்படி ஒருத்தன் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத ஊர் அது. ஜொனாஸுக்கு அந்தச் சிவப்புப் பல்லனை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மேவிஸ் குந்தி உட்கார்ந்து, விலை கேட்பது போலக் கேட்டாள். "என்ன நம்பர் ஜெர்சி?"

"பதினாலு."

"எப்ப உள்ள போன?"

"எழுபத்திரண்டாவது நிமிஷம்."

"மஞ்சள் அட்டை எதுக்கு வாங்கின?"

ஹென்ட்ரி வாயில் மென்றதை நிறுத்தினான். "அதுவா... எவனோ ஒருத்தனுக்குக் கால்ல போட்டுட்டேன். என் கால் கொஞ்சம் கனம்."

மேவிஸ் எழுந்தாள். ஆட்டச் சீட்டின் நகலை மடித்து ஜொனாஸிடம் நீட்டினாள். பதினான்காம் எண்ணுக்கு எண்பத்தோராவது நிமிடம் மஞ்சள் அட்டை என்று எழுதி, பக்கத்தில் நடுவர் காரணமும் எழுதியிருந்தார். ஓரக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறியாமல் தாமதம் செய்ததற்காக.

"ரெண்டு கேள்விக்குத்தான் மனப்பாடம் பண்ணியிருக்கான்" என்றாள்.

"மூணாவது கேள்வி கேக்கறவங்க ஊர்ல நீங்க ஒருத்திதான் அக்கா" என்றான் ஜொனாஸ். சும்மா ஒரு வாய்ப்பேச்சுதான். நடுவர் எழுதிய காரணத்தை அவன் இன்னொரு தடவை படித்தான்.

மணி மூன்றரை. மைதானத்துக்கு லாரியில் தொற்றிப் போனார்கள். புல் முழங்கால்வரை வளர்ந்திருந்தது, நடுவில் இரண்டு பன்றிகள் ஆஃப்சைடில் நின்றன. மேவிஸ் கோல் கம்பங்களைப் பார்க்கவில்லை. நேராக இடது ஓரக்கோட்டைப் பிடித்து நடந்தாள். "ஆட்டத்துல அவுக்கி ஒரு கோல் பின்னாடி. ஒன்பது நிமிஷம்தான் பாக்கி. தோக்கற பக்கத்துக்காரன் பந்தைக் கையில வெச்சுக்கிட்டு ஏன் நிக்கணும்?"

"பந்து சூடா இருந்துச்சோ என்னவோ."

அவள் கோட்டுக்கு வெளியே கை காட்டினாள். கோட்டுக்கு முப்பது அடியில் தாழ்வான வேலி. அதற்கு அந்தப் பக்கம் வெள்ளையடித்த ஒரு சின்ன ஆலயம், பலகையில் அட்வென்டிஸ்ட் சபை என்று எழுதியிருந்தது. ஜொனாஸ் பலகையை இரண்டு தடவை படித்தான்.

உள்ளே ஒரு பெண் மண்டியிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாளை சனி, இன்றைக்கே எல்லாம் கழுவி முடித்தாக வேண்டும். பெயர் கெசியா என்றாள்.

"போன மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் இங்க மேட்ச் நடந்துச்சே" என்றாள் மேவிஸ்.

"சனிக்கிழமைதோறும் நடக்குது. நாங்க பாட, அவங்க கத்த." கெசியா துணியைப் பிழிந்தாள். "ஒரு தடவை பந்து வேலி தாண்டி வாசப்படிக்கே வந்துடுச்சு. எடுக்க ஒருத்தன் குதிச்சு வந்தான். நாங்க பாட்டு நடுவுல இருந்தோம்."

"எடுத்துக்கிட்டுப் போயிட்டானா?"

"எங்க போனான். பந்தைக் கக்கத்துல இடுக்கிட்டு மரம் மாதிரி நின்னுட்டான். வெளியில விசில் அடிக்கறாங்க, ஏசறாங்க, அவன் காதுலயே விழல. வாய் மட்டும் அசையுது." அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். "எங்களோட சேர்ந்து பாடறான். ரெண்டாவது சரணம், மூணாவது சரணம், ஒரு வார்த்தை பிசகலை. யாரு பெத்த பிள்ளையோ. மூணு முடிஞ்சதும் முகத்தைத் துடைச்சுக்கிட்டு ஓடிட்டான். நாலாவதுக்கு நிக்கல."

"அவன் பல்லு சிவப்பா இருந்துச்சா?" என்று கேட்டான் ஜொனாஸ். கடைசியாக ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தான்.

"எங்க சபையில பாக்கு ஆகாது. பாக்குப் போடறவனுக்கு எங்க பாட்டு எப்படித் தெரியும்?" என்றாள் கெசியா. ஜொனாஸ் தன் வாயை மூடிக்கொண்டான்.

துறைக்குத் திரும்பும்போது நாலேகால். மேவிஸ் பையிலிருந்து இரவல் ஒப்பந்தத்தின் நகலை எடுத்தாள். ஆறு வார இரவல். அடியில் ஆட்டக்காரனின் கையெழுத்து, கிளெமன்டே போட்டது. அவுக்கிக்கு அந்த ஆறு வாரத்தில் ஆறு ஆட்டம், ஆறும் சனிக்கிழமை.

"சனிக்கிழமை ஆடாதவன், சனிக்கிழமை மட்டும் ஆடற கிளப்புக்கு ஏன் கையெழுத்துப் போட்டான்?" என்றாள். "இது நேத்தே என் கண்ல பட்டிருக்கணும். வயசாகுது."

அவள் எண்ணை அழுத்தி, போனை இருவருக்கும் கேட்கும்படி வைத்தாள். கிளெமன்ட் முதல் மணியிலேயே எடுத்தான்.

"கிளெமன்ட், மேவிஸ் பேசறேன். ஒரே ஒரு கேள்வி. மூணாவது சரணத்தோட ஏன் ஓடிட்ட? நாலாவது இருந்துச்சே."

ரொம்பச் சின்னக் குரலில், "ரெஃப்ரி மஞ்சள் காட்டிட்டாரு அக்கா" என்றான்.

அவ்வளவுதான் விசாரணை. ஜொனாஸ் ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"வாரெகோ எல்லா ஆட்டமும் ஆடறது சனிக்கிழமை" என்றான் கிளெமன்ட். "அப்பாகிட்ட ஞாயித்துக்கிழமைன்னு சொல்லி வெச்சிருந்தேன். என்னால முடியுமான்னு எனக்கே தெரியல அக்கா. ஒரு தடவை ஆடிப் பார்த்துடணும்னு தோணுச்சு. ஹோனியாராவுல ஆடினா ஊரே பார்க்கும். பார்னபஸ் எங்கம்மாவோட தம்பி. மாமாகிட்டக் கேட்டேன், காகிதம் போட்டாரு. நான் படகேறிப் போய் பதினெட்டு நிமிஷம் ஆடிட்டு அன்னைக்கே திரும்பிட்டேன்."

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள் மேவிஸ்.

"ஓடுறப்ப முடிஞ்சுது. வேலி தாண்டினப்பதான்..." அவன் முடிக்கவில்லை. "இந்தச் சட்டம் எனக்குச் சத்தியமாத் தெரியாதுக்கா. ஆஸ்திரேலியாவுக்குத் தயாராகத்தான் ஆடினேன். அதுவே என்னைக் கட்டிப்போடும்னு யாருமே சொல்லல."

"எங்ககிட்ட ஏன் வந்த?"

"மாமா குடுக்கற கடிதத்தை நம்பமாட்டாங்க. சொந்தக்காரங்கன்னு ஒரு நாள்ல கண்டுபிடிச்சுடுவாங்க. நீங்க எழுதினா நம்புவாங்க."

துப்பறியக் கூப்பிடவில்லை, முத்திரை குத்தக் கூப்பிட்டிருக்கிறான். ஜொனாஸுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை.

"கடிதம் கையெழுத்தோட இருக்கு அக்கா" என்றான் தாழ்ந்த குரலில். "படம் எடுத்து அனுப்ப ஒரு நிமிஷம். கூட நீங்க ஒரு வரி எழுதினாப் போதும்."

"போட்டுடுங்க அக்கா" என்றது போன். "அந்த ஒரு வரி. உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

மேவிஸ் கடிதத்தை மடித்தாள், மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எழுதினா நீ அடுத்த வாரம் பிளேன் ஏறிடுவ" என்றாள். "அந்த ரெஃப்ரி ஒருநாள் டிவியில உன்னைப் பார்ப்பான். ஓரக்கோட்டுல பந்தோட நின்னவன் முகத்தை அவன் மறக்கமாட்டான். அப்புறம் உனக்குத் தடை, ஹென்ட்ரிக்குத் தடை, உங்க மாமா கிளப்புக்கும் தடை. அது மட்டும் இல்லை. நான் பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதினதே இல்லை கிளெமன்ட். என்னால முடியல."

"உங்க ஒரு வரியில ஒரு ஆளோட வாழ்க்கை இருக்கு" என்றான் ஜொனாஸ். அவளிடம் அவன் குரல் உயர்ந்தது இதுதான் முதல் தடவை.

"தெரியும்டா" என்றாள் மேவிஸ். கடிதம் பைக்குள் போயிற்று. போன் வைக்கப்படவில்லை. நாலு ஐம்பது ஆயிற்று. ஒரு படகிலிருந்து மீன் இறக்கினார்கள். ஐந்து ஆயிற்று. ஐந்து மூன்றுக்கு மேவிஸின் போனில் வாரெகோவின் கடிதம் வந்தது. விவரம் வந்து சேராததால் வேறொருவரைப் பதிவு செய்துவிட்டோம், உங்கள் சிரமத்துக்கு நன்றி, கிளெமன்டுக்கு எங்கள் வாழ்த்து. மேவிஸ் அதைச் சத்தமாகப் படித்தாள்.

"சரி" என்றான் கிளெமன்ட். கொஞ்ச நேரம் கழித்து, "நான் வீட்டுக்குக் கிளம்பணும். சூரியன் இறங்கறதுக்குள்ள அப்பா தேடுவாரு" என்றான்.

"அவர்கிட்ட என்ன சொல்லுவ?" என்று கேட்டான் ஜொனாஸ்.

"ஆஸ்திரேலியா இல்லைன்னு சொல்லுவேன். வேற ஒண்ணும் சொல்ல வேண்டியிருக்காது. அங்க சனிக்கிழமைதான் ஆட்டம்னு நேத்து யாரோ அவர் காதுல போட்டுட்டாங்க. ராத்திரி முழுக்க என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தாரு, ஒண்ணும் கேக்கல." அவன் மூச்சு விடுவது கேட்டது. "நாளைக்குச் சபையில எழுந்து நிப்பாரு. சனிக்கிழமைக்காக என் பிள்ளை ஆஸ்திரேலியாவையே வேண்டாம்னுட்டான்னு எல்லார் முன்னாடியும் சாட்சி சொல்லுவாரு. அழுவாரு. நான் முன் வரிசையில உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கணும்."

போன் நின்றுவிட்டது. ஜொனாஸ் ஹென்ட்ரி கொடுத்த பாக்கைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, கடிக்காமல் மறுபடி உள்ளே போட்டான்.

சந்தைப் பக்கமிருந்து ஹென்ட்ரி, கடையைக் கட்டிவிட்டு, கூடையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். "என்ன வான்டாக், அனுப்பியாச்சா? எனக்கு எத்தனை மாசம் போட்டாங்க?"

"உனக்கு ஒண்ணும் போடல" என்றான் ஜொனாஸ். "நீ எப்ப வேணா ஆடலாம்."

ஹென்ட்ரிக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் கூடையை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தான்.

"முட்டி வலின்னு அன்னைக்கு நான் பெஞ்சுலயே உக்காந்துட்டேன்" என்றான். "நானே எறங்கியிருக்கணும்."